அளவைக்கு உரிமையாளர் யார்?

நெல்லை அளப்பதற்கு நம் மூதாதையர் மரைக்காலை வைத்திருந்தனர். சம்மாந்துறை வட்டையில் விளைந்த நெல்லும் அக்கரைப்பற்றுக் களத்தில் குவிந்த நெல்லும் அந்த ஒரே மரைக்காலால் அளக்கப்பட்டன. போடியாருக்கு ஒரு கணக்கு, முல்லைக்காரருக்கு ஒரு கணக்கு என்று இருந்ததில்லை. மரைக்காலைச் செய்து கொடுத்தவனுக்குக் கூலி கிடைத்தது, அது நியாயமே. ஆனால், "மரைக்கால் என்னும் அளவையே எனது கண்டுபிடிப்பு; ஆகையினால் நெல் அளக்கும் ஒவ்வொருவரும் அளக்கும் போதெல்லாம் எனக்குப் பணம் கட்டவேண்டும்" என்று ஒருவன் களத்துக்கு வந்து நின்றிருப்பானாயின், நம் பெரியோர்கள் அவனை எவ்வாறு வழியனுப்பியிருப்பார்கள் என்பதை நாம் எழுதிக் காட்டவேண்டியதில்லை.

இன்று அத்தகைய மனிதர் வந்து நிற்கும் களம் வேறு. கல்முனைக் கடைத்தெரு வியாபாரி கைத்தொலைபேசியிலேயே கொழும்பு விலையை அறிந்துகொள்கிறார். மருதமுனை நெசவாளர் தாம் நெய்த சாறனின் படத்தைக் கடல் கடந்திருக்கும் மகனுக்கு அனுப்புகிறார். நிந்தவூர் மாணவி பரீட்சைப் பெறுபேற்றை வீட்டில் இருந்தபடியே பார்க்கிறாள். இவை எவ்வாறு நடைபெறுகின்றன? ஒரு கொம்பனி செய்த கருவியும் வேறொரு கொம்பனி செய்த கருவியும் ஒரே அளவைகளை ஏற்றுக்கொண்டிருப்பதனாலேயே நடைபெறுகின்றன. படத்தை எவ்வாறு சுருக்குவது, பக்கத்தை எவ்வாறு விரிப்பது, 'அ' என்னும் எழுத்துக்கு எந்த எண்ணை வழங்குவது என்பனவெல்லாம் பலரும் உடன்பட்டு எழுதிவைத்த விதிகள். அவற்றை நியமங்கள் என்பர். இணையத்தின் மரைக்கால்கள் அவையே. அந்த மரைக்கால்களுக்கு உரிமை கொண்டாடுவதற்குச் சட்டம் கொடுக்கக்கூடிய ஆயுதம் மென்பொருள் மீதான ஆக்கவுரிமை. பேச்சு வழக்கிலே பேட்டன்ட். இந்த ஆயுதத்தை எவர் கையிலும் கொடுப்பதில்லை என்று நமது நாட்டுச் சட்டம் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. நமது கவலை இதுவே.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவோம். ஒருவர் எழுதிய நூலை இன்னொருவர் திருடி அச்சிடாதபடி காப்பது பதிப்புரிமை. கணினி நிரலும் எழுத்தே ஆதலின் அதற்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களை நூல்களோடும் கட்டுரைகளோடும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. இதிலே நமக்கு ஆட்சேபம் கிடையாது. நிரல் எழுதி உழைத்தவரின் உழைப்பைத் திருடுவதற்கு நாம் வக்காலத்து வாங்கவுமில்லை. ஆக்கவுரிமையோ வேறு வகையானது. அது எழுத்தைக் காப்பதன்று. எழுத்துக்குப் பின்னால் உள்ள வழிமுறையையே 20 ஆண்டுகளுக்கு ஒருவருடைய உடைமையாக்குவது. பிறருடைய நிரலைக் கண்ணாலும் காணாது, தன் சொந்த மூளையைக் கசக்கி அதே வழிமுறையைத் தானாகவே கண்டடைந்தவனும் அந்த உரிமையை மீறியவனாகக் கொள்ளப்படுவான்.

கண்டுபிடிப்பாளருக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்போர் உளர். கைத்தறி நெய்யும் மருதமுனை மக்கள் அறியத்தக்க கதை ஒன்று இருக்கிறது. 1733இல் இங்கிலாந்திலே ஜோன் கே என்பவர், கையால் எறிந்து வந்த தறிநாடாவைக் கயிற்றை இழுத்தவுடன் தானே பாய்ந்தோடும்படி செய்து அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். துணி முதலாளிகள் அந்த நாடாவைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. வழக்கு வந்தால் செலவைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதற்கென்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். நொந்துபோன கே பிரான்சு தேசத்துக்குச் சென்றார். இந்தக் கதையிலே நமது அனுதாபம் முழுவதும் கேயின் பக்கம்தான். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கே உரிமை கேட்டது தாம் செய்த நாடாவுக்கு. துணியை அளக்கும் முழக்கோலுக்கு அன்று.

முழக்கோலுக்கே உரிமை கேட்ட சம்பவம் இணையத்திலே நடந்தேயிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தால், இரண்டாம் முறை 'மே.படி' என்று எழுதிச் சுருக்கிக்கொள்கிறோம் அல்லவா? கணினியில் படங்களைச் சுருக்குவதற்கும் ஏறக்குறைய இதே உபாயத்தை விரிவாகக் கையாளுகிறார்கள். அவ்வுபாயங்களுள் ஒன்றுக்கு அமெரிக்காவில் 1985இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அது யுனிசிஸ் என்னும் கொம்பனியின் கையில் இருந்தது. 1987இல் கொம்பியூசேர்வ் என்னும் வேறொரு கொம்பனி, அந்த உபாயத்தை உள்ளே வைத்து 'ஜிஃப்' என்னும் பட நியமத்தை வெளியிட்டு, யாவரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. உலகம் நம்பிப் பயன்படுத்தியது. ஏழு ஆண்டுகள் கழிந்தன. இணையப் பக்கங்கள் எங்கும் அந்தப் படங்கள் நிறைந்த பின்னர், 1994 டிசம்பர் இறுதியில், இந்த நியமத்தைக் கையாளும் மென்பொருள் செய்வோர் உரிமைப் பணம் செலுத்தவேண்டும் என்ற அறிவிப்பு வெளிவந்தது! நாற்று நட்டு, களை பிடுங்கி, கதிர் முற்றிய பிறகு வரம்பிலே வந்து நின்று வாய்க்காலுக்கு வாடகை கேட்பது போன்றதல்லவா இது? தொண்டுள்ளம் கொண்ட நிரலாளர்கள் ஒன்றுகூடி, எவருடைய உரிமையும் தீண்டாத 'பிஎன்ஜி' என்னும் புதிய பட நியமத்தை உருவாக்கினார்கள். 1996 அக்டோபரில் உலகளாவிய வலை அமைப்பு அதனை ஏற்றுக்கொண்டது. பழைய ஆக்கவுரிமை அமெரிக்காவில் 2003 ஜூன் வரைக்கும், வேறு சில நாடுகளில் அடுத்த ஆண்டு வரைக்கும் உயிரோடிருந்தது.

அந்த வலை அமைப்பே ஒருமுறை தடுமாறியது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. வலையைக் கண்டுபிடித்த டிம் பேர்ணர்ஸ்-லீ, அதற்கு உரிமை கோராமல் உலகத்துக்கு விட்டுக்கொடுத்தவர். அவர் பணிபுரிந்த சேர்ன் ஆராய்ச்சி நிலையம் 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அதனைப் பொதுவுடைமையாக்கியது. அவரே தலைமை தாங்கிய அமைப்பு, 2001 ஆகஸ்டில், வலை நியமங்களுள் 'நியாயமான' கட்டணத்துடன் கூடிய ஆக்கவுரிமைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரைவை வெளியிட்டது. நியாயமான கட்டணம் என்றால் யாருக்கு நியாயம்? பெரிய கொம்பனிக்குச் சில்லறையாக இருப்பது சாய்ந்தமருதுவில் வாடகை அறையில் இருந்து நிரல் எழுதும் இளைஞனுக்கு மூலதனம் முழுவதுமாகிவிடும். மென்பொருளை இலவசமாகவே வழங்குகிறவனோ எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கூட அறியான். அவன் தலைக்கு இவ்வளவு என்று எதைக் கட்டுவான்? உலகெங்குமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அமைப்பு பின்வாங்கியது. 2003 மே மாதத்தில், வலை நியமங்களை நிறைவேற்றுவோர் கட்டணம் எதுவும் செலுத்தவேண்டியதில்லை என்பதைக் கொள்கையாக்கி முடித்தது. கண்டனம் எழுதியவர்களுள் பெரும்பாலோர் சாதாரண நிரலாளர்களே.

அதே ஆண்டு ஆகஸ்டில், வலைப்பக்கத்தினுள் அசையும் பொருள்களைப் பதித்துக் காட்டும் முறைக்குத் தாமே உரிமையாளர் என்று இயோலாஸ் என்னும் சிறு கொம்பனி தொடுத்த வழக்கில், மைக்ரோசொப்ட் 52 கோடி டொலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று சிக்காகோ நகர யூரிமார் தீர்ப்பளித்தனர். மைக்ரோசொப்டுக்காக நாம் கண்ணீர் வடிக்கப்போவதில்லை. ஆனால் அந்த உரிமை நிலைத்தால் திருத்தி எழுதவேண்டியிருந்தவை உலகெங்குமுள்ள எண்ணிறந்த பக்கங்கள். 2012 பெப்ரவரியில் வேறொரு வழக்கில், பேர்ணர்ஸ்-லீயே சாட்சி சொன்ன பிறகு, டெக்சாஸ் யூரிமார் அந்த ஆக்கவுரிமை செல்லாது என்றனர். செல்லாத உரிமையை எதிர்த்து நிற்பதற்குக் கூட எட்டொன்பது ஆண்டுகளும் பெருங்கொம்பனிகளின் பணப்பெட்டிகளும் வேண்டியிருந்தன என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் தூர தேசத்துச் சங்கதிகள் என்று நம் வாசகர் ஒதுக்கிவிடக் கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதியை இந்தக் கரையோரத்தில் எவர் மறப்பார்? கடற்கோள் இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் நமது அம்பாறை. மருதமுனை முதல் பொத்துவில் வரை வீட்டுக்கு வீடு இழவு. அந்த நாட்களில் நமது மக்கள் கேட்டது சோற்றுப் பொட்டலம் மட்டுமன்று. "என் பிள்ளை எந்த முகாமில்? என் வாப்பாவின் பெயர் எந்தப் பட்டியலில்?" என்பதே வாய்க்கு வாய் எழுந்த கேள்வி. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் கோவில்களிலும் கையால் எழுதிய பட்டியல்கள் தொங்கின. ஒரு முகாமின் பட்டியல் மற்றொரு முகாமுக்குத் தெரியாது.

அப்பொழுது கொழும்பிலே கணினித் தொழில் புரிந்த இளைஞர்கள், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பின் கீழ், சம்பளமின்றி இரவு பகலாக அமர்ந்து ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பேரேடு, முகாம்களின் பேரேடு, எந்த உதவி நிறுவனம் எந்த இடத்தில் என்னும் பேரேடு, எவருக்கு என்ன தேவை என்னும் பேரேடு யாவும் அதிலே அடங்கின. 'சகன' என்று பெயரிட்டார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அரசாங்கத்தின் அனர்த்தச் செயற்பாட்டு நிலையத்தில் அது பயன்படுத்தப்பட்டது. பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும், 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின் போதும் அதே மென்பொருள் எடுத்துக் கையாளப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதை இதற்கே வழங்கியது. நம் கண்ணீரிலிருந்து பிறந்த ஒரு பேரேடு பிற நாட்டாரின் கண்ணீரையும் துடைத்தது என்பதிலே நாம் பெருமை கொள்ளலாம்.

இது எவ்வாறு சில வாரங்களில் சாத்தியமாயிற்று? அவர்கள் அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ஆகியவை யாவரும் எடுத்துக் கையாளத் திறந்து கிடந்தன. பக்கங்களைக் காட்டிய வலை நியமங்களுக்கு எவரும் வரி கேட்கவில்லை. ஜனவரி மாதத்தில் அந்த இளைஞர்கள் சட்டத்தரணி ஒருவரை அமர்த்தி, "பட்டியலில் பெயர் தேடும் இம்முறைக்கு எந்த நாட்டில் எவர் உரிமையாளர்? படிவத்தை நிரப்பும் அம்முறைக்கு எவர்?" என்று ஆராய்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருந்தால், பிணங்களை அடக்கி முடித்து, முகாம்கள் கலைந்த பின்னரே பேரேடு வந்து சேர்ந்திருக்கும். உரிமையாளர் பின்னர் இரக்கப்பட்டு விலக்களித்திருக்கலாம் என்பர். நமது பிள்ளைகளைத் தேடுவதற்கு வேறொருவரின் இரக்கத்துக்காகக் காத்திருக்க நாம் ஏன் சம்மதிக்கவேண்டும்?

தமிழ் எழுத்தின் கதையும் இதற்குச் சான்று. கல்முனை அச்சகங்களிலும் கச்சேரிக் கடிதங்களிலும் நெடுங்காலம் 'பாமினி' எழுத்துருவே ஆட்சி செலுத்தியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கடிதத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் ஒவ்வொரு மரைக்காலை வைத்திருந்ததன் விளைவு அது. 1991இல் யூனிகோட் என்னும் பொது நியமத்தில் தமிழ் இடம்பெற்றது. 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 1326ஆம் இலக்கத்தின் கீழ்த் தமிழுக்கான தகவல் தொழினுட்பக் கட்டளையை வெளியிட்டது. இந்த மாற்றம் மக்களிடம் சென்றடைய உழைத்தவர்களுள் அதிராம்பட்டினத்து உமர்தம்பி ஒருவர். 2006இல் மறைந்த அப்பெருந்தகை தாம் உருவாக்கிய 'தேனீ' யூனிகோட் எழுத்துருவை யாவருக்கும் இலவசமாக அளித்தார். கடலுக்கு அப்பால் இருந்த அந்த மனிதர் நம்மில் எவரிடமும் ஒரு சதம் கேட்கவில்லை. இன்று நம் பேரப்பிள்ளைகள் வாப்பும்மாவுக்குத் தமிழிலே செய்தி அனுப்புகிறார்கள். அந்தத் தமிழெழுத்தின் எண்களுக்கு எவனும் வாடகை கேட்பதில்லை.

எல்லாம் இவ்வாறு இனிதே முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கைத்தொலைபேசியில் ஓடும் படக்காட்சிகளைச் சுருக்கும் நியமங்கள் பலவற்றின் மீது இன்றும் ஆக்கவுரிமைகள் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன. கருவி செய்வோர் அவற்றுக்குக் கட்டும் பணம் கருவியின் விலைக்குள் அடங்கியே நம் கைக்கு வருகிறது. இந்தச் சுமையைத் தாங்கமாட்டாமல் கூகிள், மைக்ரோசொப்ட், அமேசன் போன்ற பெருங்கொம்பனிகளே 2015இல் கூட்டணி அமைத்து, 2018இல் கட்டணமற்ற புதிய நியமம் ஒன்றை வெளியிட்டன. யானைகளுக்கே பாரமாகும் சுமையை நம்மவர் எவ்வாறு சுமப்பர்?

இனி நமது சட்டத்துக்கு வருவோம். ஆக்கவுரிமை பெறத் தகாதவை எவை என்று 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவு வகுத்துரைக்கிறது. விஞ்ஞானக் கோட்பாடுகள், கணித முறைகள், வியாபாரம் நடத்தும் முறைகள், மனத்தினாலேயே செய்யும் கருமங்கள் ஆகியவை விலக்கப்பட்டிருக்கின்றன. தாவரங்களும் விலங்குகளும் விலக்கு. நமது விவசாயிகளுக்கு அது ஓர் ஆறுதல். ஆனால் கணினி நிரல் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. நிரல் கணித முறையே ஆகையால் தானாகவே விலக்கப்பட்டதாகும் என்று சட்டத்தரணிகள் வாதிக்கலாம். நாமும் அவ்வாறே கருதுகிறோம். எனினும் வாதிக்க இடம் வைத்த சட்டம், பணம் படைத்தவனுக்கு வாதிட இடம் வைத்த சட்டமே. 1991இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட புலமைச் சொத்து ஒப்பந்தமும், 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையும் நம் சட்டத்தை எழுதிய கைகளை ஏற்கனவே பிடித்திருந்தன. அடுத்த வர்த்தக ஒப்பந்தத்தில் எவருடைய கை நீளும் என்பதை யார் அறிவார்?

அயல் நாடுகள் விழித்துக்கொண்டுவிட்டன. இந்திய அரசாங்கம் 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மென்பொருளுக்குக் கதவைப் பாதி திறந்துவிட முயன்றது. 2005 மார்ச்சில் இந்தியப் பாராளுமன்றம் அந்த வாசகத்தை நீக்கி, கணினி நிரல் தன்னளவில் ஆக்கவுரிமைக்கு உரியதன்று என்னும் பழைய விலக்கையே நிலைநிறுத்தியது. அந்தத் 'தன்னளவில்' என்னும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அங்கே இன்றும் வழக்குகள் நடக்கின்றன என்பது நாம் சட்டம் எழுதும்போது கவனிக்கவேண்டிய பாடம். அதே 2005ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றம் மென்பொருள் ஆக்கவுரிமைப் பிரேரணையை 648 வாக்குகளால் நிராகரித்தது. ஆதரித்தவர் 14 பேர் மாத்திரமே. ஆக்கவுரிமையின் தாயகம் எனத்தக்க அமெரிக்காவிலும், பழைய கருத்தொன்றைக் கணினியில் ஏற்றிவிட்டதனால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

"நம் இளைஞர்கள் நாளை ஏதேனும் கண்டுபிடித்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்பது எதிர்த்தரப்பார் எப்பொழுதும் எழுப்பும் கேள்வி. கேள்வி நேர்மையானதே. விடையும் கடினமானதன்று. இலங்கையில் பெற்ற ஆக்கவுரிமை இலங்கையில் மட்டுமே செல்லும். அமெரிக்கச் சந்தையில் உரிமை விரும்பும் கல்முனை இளைஞர் அமெரிக்காவிலேதான் விண்ணப்பிக்கவேண்டும். இங்கே சட்டம் மறுத்தாலும் அவருக்கு அங்கே தடையில்லை. அப்படியானால் இங்கே வழங்கப்படும் மென்பொருள் ஆக்கவுரிமை யாரைக் கட்டுப்படுத்தும்? இங்கே இருந்து தொழில் செய்கிறவரை மட்டுமே. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளிவரும் நம் பிள்ளைகளை மட்டுமே.

ஆகவே, திகாமடுல்லத் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருக்கும் அங்கத்தவர்களிடம், எந்தக் கட்சி வேற்றுமையும் பாராமல், நாம் வேண்டுவது இது. 62ஆம் பிரிவிலே ஒரு வரி சேர்க்கப்படட்டும்: கணினி நிரலும், அந்நிரல் கணினியில் இயங்குவதனால் நிகழும் முறையும் ஆக்கவுரிமைக்கு உரியனவல்ல என்று. அரசாங்க அலுவலகங்கள், கமநல சேவை நிலையத்து உர மானியப் படிவம் முதல் கச்சேரிப் பிறப்புச் சான்றிதழ் வரை, கட்டணமற்ற நியமங்களையே கையாளவேண்டும் என்று விதிக்கப்படட்டும். இந்தியா 2010இலேயே அத்தகைய கொள்கையை அறிவித்துவிட்டது. புலமைச் சொத்துப் பற்றிய எந்த ஒப்பந்தமும் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படாமல் கைச்சாத்திடப்பட வேண்டாம்.

பத்திரிகை எழுதி என்ன நடக்கும் என்று சலிப்போருக்கு ஒரு செய்தி. 2003இல் புலமைச் சொத்துச் சட்டமூலம் வந்தபோது, ஏழைகளுக்கு மருந்து மலிவாகக் கிடைக்கும் வழிகள் அதில் வைக்கப்படவில்லை. குடிமக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சமமற்றவர்களைச் சமமானவர்களாக நடத்துவது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு மாறானது என்று நீதிமன்றம் குறை கண்டது; சட்டமூலம் திருத்தப்பட்டது. அன்று மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு ஆள் இருக்கவில்லை. அடுத்த சட்டமூலம் வர்த்தமானியில் வெளியானால் ஆட்சேபிப்பதற்குக் கிடைப்பவை சில நாட்களே. கல்முனைச் சட்டத்தரணிகளும் ஒலுவில் பேராசிரியர்களும் சம்மாந்துறை விவசாய சங்கத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து, மனுவை இப்பொழுதே வரைந்து வைப்பார்களாக.